ஒரு சீசனுக்குக் கொடுத்த பெயர்

மதுரை,
சந்திரோதயா மில் லயன்,
11.6.1948

லேய் ஜெயசிங்கு மச்சான்,

வந்து சேந்துட்டேன். செலக்‌ஷனும் ஆயிட்டுது. அம்மைட்டயும் ராஜபாய்ட்டயும் ஓடிப்போய்ச் சொல்லு.

மில்லு புட்பால் டீமுக்கு நாப்பது பேரு வந்திருந்தானுவ. பாதிப் பேரு காலுல பூட்ஸ். நான் வெறுங்கால். தஞ்சாவூருக்காரன் ஒருத்தன் எனக்க காலப் பாத்துச் சிரிச்சான். அவனுக்க ரெண்டு காலுக்கும் நடுவுல பந்தத் தட்டி அந்தப் பக்கம் போய் எடுத்தேன். பொறவு சிரிக்கல. நம்ம வயலுல அறுப்புத் தாளு குத்தக் குத்த ஆடுனவனுக்கு இவனுவளுக்க கிரவுண்டு மெத்தை மாதிரி இருக்கு, கேட்டியா. மூணு கோல்.

ஆட்டம் முடிஞ்ச பொறவுதான் எளவு. ஹெட்கிளார்க் சுடலையாண்டி பிள்ளைன்னு ஒருத்தரு. திருநெல்வேலி. கண்ணாடிக்கு மேல பாக்காரு. "பந்து ஒதைக்க எடுத்தாலும் ரெஜிஸ்தர்ல கிளார்க்குதாம்டே. பள்ளிக்கூடம் முடிச்ச இ.எஸ்.எல்.சி. இல்லாதவன வச்சா ஆடிட்டர் எங்க கழுத்தப் பிடிப்பான். சர்டிபிக்கேட்ட எடு"ன்னாரு. உனக்க சர்டிபிக்கேட்ட எடுத்து நீட்டுனேன்.

"பேரு?" "ஜெயசிங்கு." "அப்பா?" "ஞானாபரணம். சர்ச்சுல உபதேசியார். இறந்துட்டாரு." "அம்மா?" "சாலம்மாள். உண்டு." எல்லாத்தையும் எழுதுனாரு. பொறவு, "இங்கிலீஷுல பத்து வரி எழுது, கையெழுத்தப் பாப்போம்"ன்னாரு. நாலாம் பாரத்தோட படிப்ப விட்டவன், எனக்கு உருப்படியாப் பாடமானது ஒண்ணே ஒண்ணுதான். காய்ச்சலாயிருக்கு, ரெண்டு நாள் லீவு வேணும்னு ஹெட்மாஸ்டருக்கு எழுதுகது. அதையே எழுதிக் குடுத்தேன். "வேலைக்கிச் சேருக அன்னைக்கே லீவு கேட்ட கிளார்க்க இப்பதாம்டே பாக்கேன்"ன்னு சொல்லி சீலு அடிச்சாரு.

இனி இங்க நான்தான் ஜெயசிங்கு. நீ பயப்படாண்டாம். ஒரு சீசன்தான். நல்லா ஆடிப் பேரு எடுத்துட்டா எந்த டீமும் சர்டிபிக்கேட்டு கேக்காது, சொந்தப் பேருல போயிருவேன். அடுத்த மே மாசம் அத உனக்க கையில கொண்டு தருவேன். இது எனக்க அம்மை மேல சத்தியம்.

உனக்க
தங்கையன்

•

மயிலாடி,
2.7.1948

அன்புள்ள தங்கையனுக்கு ஜெயசிங் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதது நம் டீம் மட்டும்தான். நீ போனபிறகு கோட்டாறுக்காரர்களிடம் ஐந்து கோல் வாங்கினோம். கோலில் நின்றது நான். நான் வழக்கம்போலப் பந்தைப் பிடிக்க முன்னால் ஓடிவிட்டேன், பந்து தலைக்கு மேலே போய்விட்டது. ஜனங்கள் கூவின கூவல் உனக்கு மதுரை வரை கேட்டிருக்கும்.

கவரின் மேல் என் பெயரை நானே எழுதி நானே தபாலில் போடுவது வேடிக்கையாக இருக்கிறது. ராஜபாய் என்னிடம், "அப்பம் இனி உம்மள நாங்க என்ன பேரு சொல்லி விளிக்கணும்?" என்று கேட்டாள். உன் தங்கைக்கு வாய் அதிகம். உன் அம்மை அவளை அதட்டிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீ வாத்தியாராயிரு மக்கா. வேலை கெடச்ச அன்னைக்கு இவள உனக்குத் தாறேன்." உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ அண்ணன், தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒன்று. ட்ரெயினிங் ஸ்கூலில் அடுத்த வருஷம் ஜூன் முதல் தேதி சேர்க்கை. அசல் சர்டிபிக்கேட் காட்டினால்தான் சேர்ப்பார்கள். இருபத்தைந்து வயது தாண்டினால் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு இப்போது இருபத்தொன்று. நீ மே மாசம் கொண்டுவந்துவிடு, எல்லாம் சரியாக இருக்கும்.

நீ அடிக்கிற கோலில் எனக்கும் பாதி உண்டு என்று நினைத்துத்தான் கொடுத்தேன். நன்றாக ஆடு.

அன்புடன்
ஜெயசிங்

•

மதுரை,
20.4.1949

மச்சான்,

பேப்பர் ஒண்ணு இதுல வச்சிருக்கேன், மூணாம் பக்கம் பாரு. 'மின்னல் ஜெயசிங்'னு போட்டிருக்கான். உனக்க பேரு மதுரையில சோடாக் கடை வரைக்கும் தெரியும்லே. வெள்ளிக்கிழமை ஆட்டம்னா ஷிப்டு விட்ட பொம்பளையாளுவளும் வேலி ஓரம் வந்து நிக்காங்க.

சொல்ல வந்தத நேரடியாச் சொல்லிருகேன். மே மாசம் வர முடியாது. கலெக்டர் கேடயம் ஜூன் மாசத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. சர்டிபிக்கேட்டு ஆபீஸுல இரும்புப் பெட்டிக்குள்ள கெடக்கு. கேட்டா, வேலைய விட்டுப் போறியாடே, எவன் கூப்பிட்டான்னு பிள்ளை குடைவாரு. இன்னும் ஒரே ஒரு வருஷம். உனக்கு இருவத்திரெண்டுதானே ஆவுது? காலம் கெடக்குலா.

அம்மைக்கி மணியார்டர் போட்டிருக்கேன். ஓலைய மாத்தி ஓடு போடச் சொல்லு. ராஜபாய்க்கு ஒரு சேலை வாங்கி வச்சிருக்கேன், வரும்போது கொண்டு வருவேன். கோபப்படாத. கோபப்பட்டா உனக்க மூக்கு செவக்கும், நல்லா இருக்காது.

தங்கையன்

•

மயிலாடி,
9.7.1950

அன்புள்ள தங்கையனுக்கு,

இரண்டாம் ஜூனும் போய்விட்டது.

நகல் வாங்கலாமே என்று நீ எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். அசல் தொலைந்துபோனது என்று மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும், கெஜட்டில் போட வேண்டும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த கிளார்க்கே சிரித்துக்கொண்டு, "தொலைஞ்சு எங்க போச்சு? மதுரையில கோல் அடிக்கியதா பேப்பர்ல பாத்தேனே" என்றார். இங்கே எல்லாருக்கும் தெரியும். நம் ஊர் பையன் முன்னேறுகிறான் என்று யாரும் வெளியே சொல்வதில்லை. கெஜட்டில் போட்டால் உன் மில்லுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்துவிட்டேன்.

கோட்டாற்றில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முழக்கோல் பிடிக்கிற வேலை. காலையில் நடந்து போய் சாயந்திரம் நடந்து வருகிறேன். சர்டிபிக்கேட் இல்லாத வேலை என்பதால் உன் அம்மை இதைக் கணக்கில் எடுக்கமாட்டாள். எடுக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "நீரு வாத்தியாரு வேலைக்கில்லா படிச்சீரு?" என்கிறார்கள். ராஜபாய் ஒரு நாள் துணி எடுக்க வந்தாள். நாலு முழம் கேட்டாள். நாலரை அளந்துவிட்டேன். "கடைக்காரருக்க துணிய அள்ளிக் குடுத்து எனக்க மனச வாங்காண்டாம்" என்று சொல்லி அரை முழத்தைத் திருப்பித் தந்துவிட்டாள்.

வருகிற வருஷம் தவறாதே.

ஜெயசிங்

•

மதுரை ஆஸ்பத்திரி,
14.9.1951

மச்சான்,

கட்டிலுல படுத்துட்டு எழுதுகேன், எழுத்து கோணும்.

எனக்க ஆட்டம் முடிஞ்சு போச்சு. ரயில்வேக்காரன் கூட ஆட்டம். நான் திரும்பும்போது ஒருத்தன் பூட்ஸ் காலோட எனக்க முழங்கால் மேல விழுந்தான். உள்ள தேங்காத் தொண்டு முறியுக மாதிரி ஒரு சத்தம். வலி பொறவுதான் வந்துது. டாக்டர் பாத்துட்டு, நடக்கலாம், ஓட முடியாதுன்னாரு. நான் கேட்டேன், நடந்துகிட்டே கோல் அடிக்கலாமான்னு. அவரு சிரிக்கல.

இருவத்திநாலு வயசுடா எனக்கு.

இப்ப மில்லுல என்னைய வச்சிருப்பானான்னு தெரியல. வெளிய தள்ளுனா சர்டிபிக்கேட்டக் கையில தருவான். நான் நொண்டிக்கிட்டு ஊருக்கு வந்து உனக்கத உன்கிட்ட தந்துட்டு எங்கயாவது கல்லு உடைப்பேன். அது இருந்துகிட்டே உடைக்கலாம்லா, ஓடாண்டாம். அம்மைட்ட காலு பத்திச் சொல்லாத, சுளுக்குன்னு சொல்லு.

தங்கையன்

•

மயிலாடி,
22.9.1951

என் தங்கையா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். துணியை மடிக்கிற மாதிரி குனிந்து நின்றுகொண்டேன்.

நீ எதற்கும் அவசரப்படாதே. காலை நேராக்கு. வேலை இருக்கிறதா பார். சர்டிபிக்கேட்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வருகிற ஜூன்தான் எனக்குக் கடைசி, அதற்குள் நீ எழும்பி நடப்பாய். உன் அம்மையிடம் சுளுக்கு என்றே சொன்னேன். "சுளுக்குக்கு ஆரு மக்கா ஆஸ்பத்திரிக் கடலாசுல எழுதுவா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளின் தலைப்பில் இருந்த சிலுவையைப் பார்த்திருக்கிறாள்.

ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லுகிறோம். உன் சொந்தப் பெயரை.

ஜெயசிங்

•

மதுரை,
30.6.1952

மச்சான்,

மொதல்ல நல்ல செய்தி. கலெக்டர் கேடயம் எங்களுக்கு. ஆடுனது பதினோரு பேரு. ஜெயிச்சது நான். கோட்டுக்கு வெளிய நாக்காலி போட்டு இருந்துகிட்டு.

ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் மொதலாளி கூப்பிட்டாரு. வெளிய தள்ளப் போறாருன்னு நெனச்சுப் போனேன். நான் ஒண்ணும் கும்பிடல. நேராச் சொன்னேன்: "உங்க டீம் ஓடுகது நெறய, யோசிக்கது இல்ல. ஒரு வருஷம் எனக்க கையில தாருங்க. தோத்தா நானே போறேன்." மனுசன் மீசையத் தடவிட்டு, சரின்னாரு. இப்ப நான் டீம் மேனேஜரு. ரெஜிஸ்தர்லயும் பேரு அப்படித்தான்.

கேளு, என்ன செய்தேன்னு. கோல் காக்குக கோலிக்க இடுப்புல கயிறு கட்டி கம்பத்தோட முடிஞ்சேன், ஆறடிக்கு மேல வெளிய வரப்படாதுன்னு. உன்னைய நெனச்சுத்தான் கட்டுனேன், கோவிக்காத. ரெண்டு வாரம் அழுதான். பொறவு ஒரு பந்து விடல. வருக வருஷம் எல்லாவனுக்கும் பூட்ஸ். வெறுங்காலுக்காரனுவ அத மாட்டுனா கோழிக்குஞ்சு மாதிரி நடக்கானுவ. தறிக்கு நிக்கும்போதும் எட்டு மணி நேரம் பூட்ஸோட நில்லுடான்னு உத்தரவு போட்டிருக்கேன். புண்ணு வந்தா வரட்டும். போன மாசம் ஒருத்தன் அப்பனுக்கு தீனம், சொகமில்லன்னு பிராக்டிஸுக்கு வரல. அடுத்த ஆட்டத்துல அவன எடுக்கல. நல்ல ஆட்டக்காரன்தான். ஒருத்தனுக்கு எளகுனா பத்துப் பேரும் எளகுவான்.

இப்ப கெட்ட செய்தி. ஜூன் போச்சு. தெரியும். இப்ப போய் சர்டிபிக்கேட்ட எடுத்தா மேனேஜரு வேலையில்ல, நொண்டி வேலைகூட இல்ல. நீயே யோசிச்சுப் பாரு, வாத்தியாருக்கு என்ன கெடைக்கும்? நான் உனக்கு இங்க மில்லுல ஒரு எடம் பாக்கேன்னா, எந்தப் பேருல பாக்க? அதுதான் கஷ்டம்.

தங்கையன்

•

மயிலாடி,
19.8.1953

தங்கையனுக்கு,

தந்தி அடித்தும் நீ வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மை நேசம்மாள் செவ்வாய்க்கிழமை விடியற்காலை இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். உனக்காக மறுநாள் சாயந்திரம் ஐந்து மணி வரை வைத்திருந்தோம். அதற்கு மேல் வைக்க முடியவில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் ராஜபாய் ரோட்டில் போய் நின்றாள். சர்ச் போதகர் ஐயர், "மகன் வருவானா, எடுக்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுக்கலாம் என்று நான் சொன்னேன். முதல் பிடி மண்ணும் நான் போட்டேன்.

கடைசி நாள் நினைவு தெரிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கையா, காலு வலிக்கா?" என்றாள். இல்லை அம்மா என்றேன்.

ராஜபாயை என் அம்மாவோடு எங்கள் வீட்டில் வைத்திருக்கிறேன். நான் கடையிலேயே தங்கிக்கொள்கிறேன், ஊர் பேசாமல் இருக்க.

ஏன் வரவில்லை?

ஜெயசிங்

•

மதுரை,
2.9.1953

ஜெயசிங்கு,

தந்தி திங்கட்கிழமை வந்துது. 'அம்மா கவலைக்கிடம்'னு. செவ்வாய் சாயந்திரம் ரெண்டாவது, 'நேசம்மாள் மரணம், உடனே வா'னு. ரெண்டையும் எடுத்துட்டு சுடலையாண்டி பிள்ளைட்டப் போனேன். வெள்ளிக்கிழமை பைனல்.

அவரு தந்தியப் பாத்தாரு, ரெஜிஸ்தரப் பாத்தாரு. "நேசம்மாளா? ஒங்க அம்மா பேரு சாலம்மாள்லா போட்டிருக்கு?" நெஜத்தச் சொல்ல வாய் வரைக்கும் வந்துது. வெளிய பசங்க பூட்ஸ் சத்தத்தோட ஓடிட்டிருந்தானுவ. நான் சொன்னேன், "பிரண்டுக்க அம்மா."

"பிரண்டோட அம்மாவுக்கா பைனலுக்கு முன்ன மூணு நாள் லீவு? அப்பனுக்குச் சொகமில்லன்னு சொன்ன பயல நீரே வெளிய ஒக்காத்தி வச்சீரேவே!"

சிரிச்சாரு. நானும் கூடச் சிரிச்சேன். அதுதான் எனக்கு இப்பவும் ஆறல. சிரிச்சிருக்காண்டாம்.

சொல்லாமக்கொள்ளாம பஸ் ஏறியிருக்கலாம். ஏறல. பைனல் ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம். தோளுல தூக்கினானுவ. எனக்க அம்மைக்கு என்னால ஒரு பிடி மண்ணு போட முடியல, நீ போட்ட. நீ போட்டது அவளுக்குப் போதும். எனக்குப் போதாது.

ராஜபாய்ட்ட என்ன சொல்லணுமோ சொல்லு. நான் எழுதுனா அவ வாசிக்கமாட்டா.

தங்கையன்

•

மயிலாடி,
15.7.1956

அன்புள்ள தங்கையனுக்கு,

மூன்று வருஷமாக மணியார்டர் கூப்பனில் 'சுகம்' என்று மட்டும் எழுதுகிறாய். நாலாவது கோப்பையையும் எடுத்துவிட்டீர்கள் என்று பேப்பரில் பார்த்தேன். ஊரில் வெடி போட்டார்கள்.

இது சந்தோஷமான கடிதம். வாத்தியார் வேலைக்காகக் காத்திருந்தது போதும் என்று நானும் ராஜபாயும் முடிவு செய்துவிட்டோம். அவள்தான் சொன்னாள்: "அம்மை வாத்தியாருக்குத் தாறேன்னா. அம்மையும் இல்ல, வாத்தியாரும் இல்ல. நான் உண்டு, நீரு உண்டு. பொறவு என்னத்துக்கு இருவத்தியாறு வயசு வரை இருத்தி வச்சிருக்கீரு?" எனக்கு இருபத்தொன்பது. துணிக்கடைச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

அக்டோபர் கடைசியில் கல்யாணம். செப்டம்பரில் மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் இருவர் பெயரையும் கல்யாண அறிவிப்பாகச் சபை முன்னால் ஓலை வாசிப்பார்கள். நீ வந்து அண்ணனாக நின்று அவள் கையைப் பிடித்துத் தர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. சர்டிபிக்கேட்டைக்கூட இனி கேட்கவில்லை.

அன்புடன்
ஜெயசிங்

•

மதுரை,
23.8.1956

மச்சான்,

உனக்க கடிதம் வந்து ஒரு மாசமாவுது. எப்படி எழுதன்னு தெரியாம வச்சிருந்தேன். எனக்கு சுத்தி வளைக்கத் தெரியாது, நேரடியாவே எழுதுகேன்.

எனக்கும் கல்யாணம். மில் பிட்டர் ஒருத்தருக்க மக. பேரு இசபெல். ஆட்டம் பாக்க வருவா, நான் நாக்காலியில இருந்து கத்துகதக் கேட்டு, "அவங்க ஒதைக்கத விட நீங்க ஒதைக்கது ஜாஸ்தி"ன்னு ஒருநாள் சொன்னா. அப்பனும் சரின்னுட்டாரு. இங்க சர்ச்சுலதான். இந்த ஊரு ஐயரு சொந்தச் சபையில இருந்து கடிதம் வேணுங்காரு. 'மயிலாடி சபை, ஞானாபரணம் உபதேசியார் மகன் ஜெயசிங், ஞானஸ்நானம் பெற்றவன், கல்யாணம் ஆகாதவன்'னு.

நம்ம ஊருல இப்ப புது ஐயருன்னு கேள்விப்பட்டேன். அருமனைப் பக்கத்துக்காரரு, நம்மள அறியமாட்டாரு. நீ போய் வாங்கி அனுப்பிரு. உங்களுக்க ஓலைய மட்டும் நிறுத்து. ஒரே பேருக்கு ரெண்டு பொண்ணு வாசிக்கமாட்டான்லா. நீங்க ரெண்டு பேரும் பொறவு மெதுவா எங்கயாவது ரிஜிஸ்தர் ஆபீஸுல முடிச்சுக்கிடுங்க. ஊருல உன்னைய எவன் பேப்பர் கேக்கப் போறான்? நீ ஜெயசிங்குன்னு எல்லாவனுக்கும் தெரியும். எனக்குத்தான் பேப்பர் வேணும்.

இதச் செய்ஞ்சு தந்துட்டா வேற ஒண்ணும் கேக்கமாட்டேன். இங்க ஐயரும் நேரா எழுதுவேன்னாரு. அதுக்கு முன்ன நீ முந்திக்கோ.

தங்கையன்

•

மயிலாடி,
15.9.1956
சனிக்கிழமை

தங்கையனுக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். உனக்கு எழுதவில்லை. ஐயரிடமும் போகவில்லை. ஓலைக்குப் பெயர் முன்னமே கொடுத்தாயிற்று, அதையும் நான் திருப்பி வாங்கவில்லை.

நேற்று ஐயர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று நான் கொடுத்தது. மற்றது மதுரையிலிருந்து வந்தது. நல்ல மனுஷர், கோபமே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது நீரு. இது ஆரு? ஒரு உபதேசியாருக்கு ஒரே பேருல ரெண்டு மக்களா?"

கோயில் மணியடிக்கிற கோயிற்குட்டி கொண்டுவந்து வைத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தேன். என் தாளைக் கையில் எடுத்து, தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கிழித்தால் போதும். எட்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு ஏனோ கை போகவில்லை.

"ஞானாபரணத்துக்கு நான் ஒருத்தன்தான் ஐயா" என்றேன்.

"அப்பம் மதுரையில உள்ள ஆளு?"

"எனக்குத் தெரியாது."

அப்படித்தான் சொன்னேன் தங்கையா. நண்பன் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் கொடுத்தேன் என்று என் குற்றத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரியாது என்றேன். ஐயர் மதுரைக்குப் பதில் எழுதிவிட்டார். திங்கட்கிழமைத் தபாலில் போகும். அதற்கு முன் உனக்குக் கிடைக்கட்டும் என்று இதை இன்றைக்குப் போடுகிறேன். ஒருநாள் முந்திக் கிடைக்கலாம். அந்த ஒருநாளில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ராஜபாயிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்க அண்ணனத் தெரியாதுன்னா சொன்னீரு?"

"ஆமா."

"அப்பம் நான் ஆருக்க தங்கச்சி?"

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். நாளைக்கு முதல் ஓலை. அவள் கோயிலுக்கு வருவாளா என்று தெரியாது. வராமல் போனாலும் நான் அங்கே இருப்பேன். என் பெயரை ஒருவர் சத்தமாக வாசிப்பதை நான் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஜெயசிங்

•

மதுரை ஜங்ஷன்,
9.11.1956

ஜெயசிங்கு,

உனக்க கடிதமும் ஐயருக்க கடிதமும் ஒரே நாளுல வந்துது. நீ ஒருநாள் முந்திப் போட்டும் மதுரைத் தபால்காரனுக்கு அவசரம் இல்ல.

பொறவு நடந்தது இது. ஐயரு பிட்டர்ட்டச் சொன்னாரு. பிட்டர் மொதலாளிட்டச் சொன்னாரு. என்னையக் கூப்பிட்டானுவ. நான் ஒண்ணும் மறைக்கல. மொதலாளி மீசையத் தடவல. கேஸ் போடலாமான்னு வக்கீலக் கேட்டாரு. வக்கீலு சொன்னானாம், கேஸ் போட்டா கள்ளப் பேருல ஆளு வச்ச டீம்னு நாலு கோப்பையையும் திருப்பிக் கேப்பான்னு. கோப்பை ஆபீஸுக்கு முன்னாடி கண்ணாடி அலமாரியில இருக்கு. அதனால கேஸ் இல்ல. எனக்க வேலைதான் போச்சு. பசங்களுக்கு இன்னும் காரணம் தெரியாது. அந்தக் கோலி மில்லு கேட்டு வரை கூட வந்தான். அம்மையப் பாக்க ஊருக்குப் போறேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வாயில வரல.

இசபெல் வாசல்ல நின்னா. ஒண்ணே ஒண்ணு கேட்டா: "ஒங்க பேரு என்ன?" சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயிட்டா.

உனக்க மேல எனக்குக் கோபம் உண்டான்னு நீ நெனப்ப. மொதல் வாரம் உண்டு. நீ தெரியாதுன்னு சொன்னத நெனச்சு நெனச்சுப் பாத்தேன். சுடலையாண்டி பிள்ளைட்ட நான் எனக்க அம்மைய பிரண்டுக்க அம்மைன்னு சொன்னேனே. பொறவு கோபம் நிக்கல. வேற என்ன நிக்கிதுன்னு எனக்கே தெரியல. ஆனா இனி உன்னைய மச்சான்னு எழுதக் கை வரல. பழையபடி வராது. நீயும் இழுத்துப் பிடிக்காண்டாம்.

ராஜபாய் ஒரு கார்டு போட்டிருந்தா. மூணு ஓலையும் வாசிச்சாச்சு, கல்யாணம் முடிஞ்சுதுன்னு. அண்ணன் எடத்துல ஆரும் நிக்கல, ஐயரே கையப் பிடிச்சுக் குடுத்தாருன்னு. ரெண்டு வரி. நான் சாவுகது வரை அத வச்சிருப்பேன். அவள நீ அழ வைக்கமாட்ட. அது எனக்குத் தெரியும்.

நான் பம்பாய்க்கு ரயில் ஏறுகேன். அங்க துறைமுகத்துல டீம் உண்டாம். மேனேஜரா எடுத்தா எடுக்கட்டும், மூட்டை தூக்கச் சொன்னாலும் சரி. விலாசம் தரமாட்டேன்.

இதோட உனக்க சர்டிபிக்கேட்டு இருக்கு. கல்யாணத்துக்கு வெறுங்கையா இருக்கப்படாதுன்னு அனுப்புகேன். சுடலையாண்டி பிள்ளை கையாலயே எடுத்துத் தந்தாரு. முன்பக்கம் நல்லா இருக்கு, மடிப்புகூட விழல. பின்பக்கம் அவரு செவப்பு மையில எழுதி மில் சீலு வச்சிருக்காரு: 'ஜெயசிங், ஆள்மாறாட்டக் குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டான்'னு. அவருக்கு அதுதான் முறை, எவன நீக்குனாலும் சர்டிபிக்கேட்டுல எழுதித்தான் குடுப்பாரு. நான் சொன்னேன், "வேய், அது எனக்க பேரு இல்லன்னுதானே நீக்குகீரு, எனக்க பேர எழுதும்." அவரு சொன்னாரு, "இந்தத் தாளுல இருக்க பேரத்தானவே நான் எழுத முடியும்."

வெள்ளம் தொட்டு அழிச்சுப் பாத்தேன். எழுத்து போகல, தாளுதான் கிழியப் பாக்குது. விட்டுட்டேன்.

ராஜபாய்ட்ட முன்பக்கத்த மட்டும் காட்டு.

தங்கையன்